வெண்மலைப் பாதைகள் – 9: காலையில் அறிமுகமானவர்கள்

குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் மலைநாட்டுக்கு மாலை ஐந்து மணி முக்கியமான வேளை. டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் அடுத்த நாளுக்கான எச்சரிக்கை அறிக்கையை அப்போதுதான் வெளியிடுகிறது. 1936-இல் வைஸ்ஃப்ளூயோக் என்ற உயரத்தில் சில ஆய்வாளர்கள் ஒரு குடிலில் இருந்துகொண்டு பனியை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. அதன் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்த அறிக்கையை வைத்து மலை ஏறும் ஒரு குழுவோடு ஒரு நாள் போய் வருவோம்.

லிஃப்ட், கேபிள் கார் எதுவும் இல்லாத மலையில், பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் தோல்பட்டைகளை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் ஏற வேண்டும். உச்சியில் பட்டைகளை உரித்து எடுத்துவிட்டு, யாரும் சமன்படுத்தி வைக்காத பனியில் சறுக்கி இறங்க வேண்டும். ஏற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். இறங்க அரை மணி, முக்கால் மணி. பழகியவர்கள் தாங்களாகவே போகிறார்கள். அந்த மலையைத் தெரியாதவர்களும், தெரிந்தும் துணை கிடைக்காதவர்களும் வழிகாட்டி அழைத்துப் போகும் குழுவில் ஒரு நாளைக்குப் பெயர் கொடுக்கிறார்கள். ஆறு பேர் இருக்கலாம், எட்டுப் பேர் இருக்கலாம். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். நான் சேர்ந்த குழுவும் அப்படித்தான்.

விளம்பரத்தில் சிகரத்தின் பெயர் இல்லை. டாவோஸ் சுற்றுவட்டாரம், ஆயிரம் மீட்டர் ஏற்றம், ஓரளவு பழக்கம் உள்ளவர்களுக்கு என்று மட்டும் இருந்தது. இதைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எந்தச் சிகரம் என்று பல வாரங்களுக்கு முன்பே அடித்துச் சொல்கிற விளம்பரத்தைப் பார்த்துத்தான் தயங்க வேண்டும். பனியின் நிலை அன்றன்றைக்கு மாறுகிறது. எங்கே போவது என்பதும் அன்றன்றைக்குத்தான் முடிவாக வேண்டும்.

எங்கள் விஷயத்தில் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு அது முடிவானது. ஃப்ளூவேலா கணவாய்ப் பக்கம் போவதாகப் பேச்சு இருந்தது. "அங்கே வேண்டாம். 2,400 மீட்டருக்கு மேல், வடக்குப் பார்த்த சரிவுகளில் பழைய பனிக்குள் பலவீனமான அடுக்கு இருக்கிறது. நாளைக்கு மூன்றாம் நிலை. மோன்ஸ்டைனுக்கு மேலே போகலாம்" என்று வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை ஒரே அளவுகோலில், ஐந்து நிலைகளாகச் சொல்கின்றன. ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணம் உயிரை வாங்கக்கூடியது. ஒவ்வொரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் அபாயம் பல மடங்கு கூடுகிறது. நான்காம் நிலையில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றாம் நிலையிலோ வானம் தெளிந்திருக்கும், புதுப் பனி அழைக்கும், நேற்றுப் போனவர்களின் தடம் தெரியும். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம் நிலை அறிவித்த நாட்களில் இறந்தவர்கள்.

மோன்ஸ்டைன், டாவோஸ் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், 1,600 மீட்டர் உயரத்தைச் சற்றுத் தாண்டி இருக்கும் சிற்றூர். வால்சர் மக்கள் கட்டிய, வெயிலில் கறுத்த மரவீடுகள். கீழே கிளாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, சிறு பேருந்தில் மேலே போனோம். வழிகாட்டி முன்பே வந்து நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தொடும் பெண்மணி. சுவிஸ் நாட்டில் மலை வழிகாட்டிப் பட்டயம் பெற்ற முதல் பெண் நிக்கோல் நிக்கீல். அது 1986-இல்தான் நடந்தது. இன்றைக்கும் அந்தத் தொழிலில் பெண்கள் மிகக் குறைவு. பயிற்சி முடிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். 2014 முதல், கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படி மக்களை அழைத்துப் போக அரசு அனுமதி கட்டாயம். குழுவில் சேர நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அனுமதி இருக்கிறதா? நல்ல வழிகாட்டிகள் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

எங்களுக்குள் பெயர் சொல்லிக்கொண்டோம். ஜூரிச்சிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், மருத்துவமனையில் ஒன்றாக வேலை பார்க்கும் இரண்டு செவிலியர்கள், கூர் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், இளந்தம்பதி, நான். யார் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று வழிகாட்டி கேட்டார். முதலுதவிப் பெட்டி தன் பையில் எந்த அறையில் இருக்கிறது என்று திறந்து காட்டினார். தனக்கே ஏதாவது நேர்ந்தால் வானொலிக் கருவியை எப்படி இயக்குவது என்பதையும் சொன்னார். அதைக் கேட்டதும் எல்லோரும் சற்று நெருங்கி நின்றோம்.

பிறகு அவர் கிளம்பச் சொல்லவில்லை. ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், ஆழமான பனியில் அவர் காலையிலேயே ஒரு பையைப் புதைத்து வைத்திருந்தார். பைக்குள் ஒரு பீக்கன்.

பனிமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கருவி பீக்கன். உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் அது ஓயாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு, அம்புக்குறியும் தூரமும் காட்டும் திசையில் போக வேண்டும். மூன்று மீட்டருக்குள் வந்ததும் குனிந்து, கருவியைப் பனியை ஒட்டி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, எண் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே மடக்குத் தேடுகோலை நீட்டிச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். உடல் தட்டுப்பட்டால் கோலை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். தேடும்போது கைப்பேசி பக்கத்தில் இருந்தால் கருவி குழம்பும் என்பதால் எல்லோருடைய கைப்பேசியும் அணைக்கப்பட்டது.

ஒவ்வொருவராகத் தேடினோம். பொறியாளர் வேகமாகக் கண்டுபிடித்துவிட்டார். இளந்தம்பதியில் கணவர், அருகில் வந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்ததால் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினார். வழிகாட்டி அவரை மறுபடி செய்யச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருமுறை செய்யச் சொன்னார். ஏறத் தாமதமாகிறதே என்று யாரோ மெல்லச் சொன்னபோது அவர் சொன்ன பதில்தான் அன்றைய நாளின் அடிப்படை. "மலை அங்கேயே இருக்கும். நான் புதைந்தால் என்னை எடுக்கப்போவது இவர்தான்."

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவர்களில், பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்படுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு அந்த விகிதம் செங்குத்தாகச் சரிகிறது. அரை மணியைத் தாண்டும்போது மூன்றில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். காரணம் பெரும்பாலும் மூச்சுத்திணறல். சுவிட்சர்லாந்தில் 1952 முதல் ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பு இயங்குகிறது. 1414 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஹெலிகாப்டர் கிளம்பும். உலகின் மிகச் சிறந்த மலை மீட்பு ஏற்பாடுகளில் அது ஒன்று. ஆனாலும் செய்தி போய், ஹெலிகாப்டர் எழும்பி, இடத்தைக் கண்டு இறங்குவதற்குள் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் கடந்துவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டுமென்றால், எடுக்கிறவர் அங்கேயே நிற்கிறவராகத்தான் இருக்க வேண்டும். அதாவது, காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் கைகுலுக்கிய யாரோ ஒருவர்.

வழிகாட்டி இருக்கிறார், நாம் பின்னால் போனால் போதும் என்று நினைத்துத்தான் பலர் இந்தக் குழுக்களில் சேர்கிறார்கள். உண்மையில் அந்த ஒரு நாளுக்கு, வழிகாட்டி உட்பட எல்லோருடைய உயிரும் மற்ற எல்லோருடைய கையிலும் இருக்கிறது. கட்டணம் கட்டுவதால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஒரு மணி நேரம் தேடும் பயிற்சிக்குச் செலவிடுகிற வழிகாட்டி கிடைத்தால் அதை நல்வாய்ப்பாகக் கருத வேண்டும்.

தோண்டுவதற்கும் முறை இருக்கிறது. ஓடி நின்ற பனிச்சரிவு உடனே இறுகிவிடும். தூளாக இருந்த புதுப் பனி கன மீட்டருக்கு நூறு கிலோ இருந்திருந்தால், சரிந்து நின்ற பிறகு முந்நூறு முதல் ஐந்நூறு கிலோ வரை கனக்கும். புதைந்தவரின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் பனி இருந்தால் நூற்றுக்கணக்கான கிலோவை அப்புறப்படுத்த வேண்டும். கோல் நிற்கும் இடத்தில் நின்று கீழ்நோக்கித் தோண்டினால் அவர் மூச்சுவிட மிஞ்சியிருக்கும் இடமும் நசுங்கும். சரிவின் கீழ்ப்புறம் சற்றுத் தள்ளி நின்று உள்நோக்கித் தோண்ட வேண்டும். ஒருவர் முனையில் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் பனியைத் துடுப்புப் போடுவது மாதிரித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் களைப்பதற்குள் இடம் மாற வேண்டும். செவிலியர்கள் இருவரும் இதில் எங்கள் எல்லோரையும்விடச் சீராகச் செயல்பட்டார்கள். யார் எதில் திறமையானவர் என்பதை வழிகாட்டி அப்போதே கவனித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஒருவழியாகக் கிளம்பினோம். உடல் சூடாகாத நிலையில் மேல்சட்டையைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னார். நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிர வேண்டும். இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் உறையும். தோல்பட்டைகள் ஒரு காலத்தில் சீல் விலங்கின் தோலால் ஆனவை. இன்றைக்கு மொஹேர் ஆட்டு ரோமமும் நைலானும். முன்னோக்கித் தள்ளினால் வழுக்கும், பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும். குதிகால் கட்டையிலிருந்து விடுபட்டு எழும்; காலணியின் முனையை இரு பக்கமும் இரண்டு ஊசிகள் பற்றிக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஸ் பார்த்தெல் என்ற ஆஸ்திரியர் 1980-களில் உருவாக்கிய அமைப்பு அது. கட்டையைத் தூக்கவே கூடாது, இழுத்துத்தான் நடக்க வேண்டும். அந்தத் தாளம் பிடிபட்டால் ஒரு மணி நேரத்தில் முந்நூறு, நானூறு மீட்டர் உயரம் ஏறலாம். வழிகாட்டி முதலில் நடந்த வேகம் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்தும் அதே வேகத்தில் பேசிக்கொண்டே நடக்க முடிந்தபோது அதன் அருமை தெரிந்தது.

காட்டுக்குள் ஓரிடத்தில் பாதை நேராக மேலே போகாமல் பெரிதாக வளைந்தது. குளிர்காலத்தில் மனிதர் நுழையக் கூடாத விலங்குக் காப்பிடம் அது, வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. கருங்காட்டுக்கோழி இந்தப் பருவத்தில் பனிக்குள் குழி பறித்து நாளின் பெரும்பகுதியை அங்கேயே அசையாமல் கழிக்கும். கிடைக்கிற உணவு அவ்வளவு குறைவு. ஆள் அரவம் கேட்டு ஒருமுறை பறந்து தப்பினாலே அது சேர்த்து வைத்த சக்தி வீணாகிவிடும்; திரும்பத் திரும்ப நேர்ந்தால் வசந்தம்வரை தாக்குப்பிடிக்காது. நாங்கள் பேச்சை நிறுத்தி, சுற்றிக்கொண்டு போனோம்.

மரங்கள் முடிந்ததும் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்க மலைவரிசை முழுதாகத் தெரிந்தது. அந்தப் பக்கம், ஃபிரவுவென்கிர்ஷ் ஊருக்கு மேலே இருப்பது மைன்ஃபெல்டர் ஃபுர்கா என்ற கணவாய். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாய்ல் 1894 மார்ச் மாதம் அதைக் கடந்து அரோசா ஊருக்குப் போனார். மனைவியின் காசநோய்க்காக டாவோஸில் தங்கியிருந்தவர் அவர். அவரை அழைத்துப் போனவர்கள் டாவோஸின் பிராங்கர் சகோதரர்கள். அண்ணன் தம்பியில் டோபியாஸ் சேணம் தைப்பவர். முந்தைய ஆண்டே அந்தக் கணவாயைப் பனிச்சறுக்கில் கடந்தவர்கள். கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாத ஓரிடத்தில், அவற்றைக் கழற்றி ஒன்றாகக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து சறுக்கியதை டாய்ல் அந்த ஆண்டு டிசம்பர் மாத ஸ்ட்ராண்ட் இதழில் எழுதினார். பனிச்சறுக்கு இங்கிலாந்து வாசகர்களிடையே பரவியதில் அந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு. உள்ளூர்க்காரர் இருவர், அவர்களை நம்பி வந்த வெளியூர்க்காரர் ஒருவர் என்ற அந்த ஏற்பாடுதான் இன்று எங்கள் குழு. அவர்களிடம் பீக்கன் இல்லை, அறிக்கை இல்லை. சரிவைப் படித்தறிந்த இருவரின் கண்கள் மட்டும் இருந்தன.

முப்பது டிகிரியைத் தொடும் சரிவு வந்ததும், ஒருவருக்கொருவர் பத்து மீட்டர் இடைவெளி விடச் சொன்னார் வழிகாட்டி. பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் ஏறக்குறைய எல்லாமே முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவில்தான் கிளம்புகின்றன. சுவிஸ் நில அளவைத் துறையின் வரைபடத்தில் அந்தச் சரிவுகளுக்குத் தனி வண்ணம் உண்டு. அதைப் பார்த்துப் பழகாமல் யாரும் இந்த மலைகளுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து, வழிகாட்டியோடு போனாலும்.

சற்று நேரத்தில் அந்த ஒலி கேட்டது. காலுக்கடியில், ஆழத்தில், ஒரு கனத்த அடி. கூடவே பனிப்பரப்பு முழுவதும் மயிரிழை தாழ்ந்தது. வழிகாட்டி கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம்.

டாவோஸ் பகுதியில் குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனி பல ஆண்டுகளில் மெல்லியதாகவே இருக்கிறது. அடியில் தரை கிட்டத்தட்டச் சுழியம் டிகிரியில் இருக்கும். மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். இந்த வேறுபாட்டால் அடிப்பனியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கோணல் படிகங்களாக மாறுகின்றன. கையில் எடுத்தால் சர்க்கரை மாதிரி உதிரும். பிறகு வரும் பனியும் காற்றும் அதன்மேல் கெட்டியான பலகையை அடுக்குகின்றன. வாரக்கணக்கில் எதுவும் நடக்காமல் இருக்கலாம். ஒரு மனிதரின் எடை பட்டதும் அடியில் இருக்கும் அடுக்கு நொறுங்கி, அந்த முறிவு நொடியில் நாலாபக்கமும் ஓடுகிறது. நாங்கள் கேட்டது அந்த முறிவின் ஒலி. நாங்கள் நின்ற இடம் சாய்வு குறைந்த மேடு என்பதால் எதுவும் பெயரவில்லை. மேலே செங்குத்தான சரிவு இருந்திருந்தால் கீழே நின்றபடியே அதைப் பெயர்த்து நம்மேல் வரவழைத்திருக்க முடியும். விபத்தில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ தம்முடன் வந்தவரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள்.

உச்சிக்கு இன்னும் நூற்றைம்பது மீட்டர் உயரம்தான். கடைசிச் சரிவு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டியிருந்தது. நேற்றைய தடம் ஒன்று அதன் குறுக்கே தெளிவாகப் போயிற்று. பொறியாளர் அதைச் சுட்டிக்காட்டினார். அப்போது ஆசிரியர் கேட்டார்: "உங்களுக்கு இந்த மலை நன்றாகத் தெரியும். நாங்கள் இல்லாமல் நீங்கள் மட்டும் வந்திருந்தால் போயிருப்பீர்களா?"

குழுவில் யாராவது ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி அது. இயன் மெக்காமன் என்ற அமெரிக்க ஆய்வாளர், எழுநூறுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, மனிதர்கள் திரும்பத் திரும்ப விழும் பொறிகளை வகைப்படுத்தினார். பழகிய சரிவு பத்திரமானது என்று நம்புவது ஒன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தொடர்வது இன்னொன்று. மற்றவர் தடத்தைப் பார்த்துத் துணிவதும் அதில் உண்டு. வழிகாட்டி வைத்துப் போகிறவர்களுக்கு இவற்றில் மிகவும் பொருந்துவது, நம்மில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது. அதன் மறுபக்கமும் கொடியது: பணம் கட்டி வந்தவர்கள் ஏமாறக் கூடாதே என்ற நெருக்கடி, தெரிந்தவரையும் தவறான முடிவுக்குத் தள்ளும்.

வழிகாட்டி கோபப்படவில்லை. "போயிருக்க மாட்டேன்" என்றார். வெர்னர் முன்ட்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி வகுத்த எளிய வரம்பை நினைவுபடுத்தினார்: மூன்றாம் நிலை என்றால் முப்பத்தைந்து டிகிரிக்குக் குறைந்த சரிவில் நில். நேற்றைய தடத்தைப் பற்றி, "அவர்கள் அடியடுக்கு மெலிந்த இடத்தை மிதிக்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

தெற்கே வளைந்து செல்லும் அகன்ற முதுகில், எங்கும் இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டாத வழியாக, சிறு மேடொன்றில் ஏறி நிறுத்தினோம். வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. தேநீர் குடித்தோம், பொறியாளர் கொண்டுவந்திருந்த உலர்ந்த பேரிக்காய் ரொட்டியைப் பகிர்ந்தோம். பட்டைகளை உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டோம், பசை உறைந்துபோகாமல் இருக்க.

இறக்கத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. வழிகாட்டி முதலில் போய், பாதுகாப்பான ஒரு திட்டில் நின்று கோலை உயர்த்துவார். பிறகு ஒருவர் பின் ஒருவராக, அவர் தடத்துக்கு இடப்பக்கம். முழங்கால் ஆழப் பனியில் கட்டைகள் அமிழ்ந்து எழும். திருப்பத்தில் கிளம்பும் தூள் முகத்தில் அறையும். காதில் காற்று மட்டும். ஏறிய களைப்பு அத்தனையும் அந்த முதல் பத்துத் திருப்பங்களில் போய்விடுகிறது. கீழே நிற்பவர்கள் மேலே வருகிறவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறார்கள். அவர் எந்த இடத்தில் கடைசியாகத் தெரிந்தார் என்பது தேவைப்படலாம். அப்படிப் பார்க்கப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஊர் திரும்பியதும் வழிகாட்டி எங்களை உடனே விடவில்லை. இன்று எந்த இடத்தில் உங்களுக்குச் சரியாகப் படவில்லை, எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். காட்டை விட்டு வெளியேறிய இடத்தில் தனக்கு மூச்சு வாங்கியதாகவும், எல்லோரையும் நிறுத்த மனமில்லாமல் பேசாமல் நடந்ததாகவும் இளந்தம்பதியில் மனைவி சொன்னார். அடுத்த முறை சொல்லுங்கள், களைத்தவர் வேகமாகத் தோண்ட முடியாது என்றார் வழிகாட்டி.

இப்படி ஒரு நாளுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சமன்படுத்திய சறுக்குப் பாதைகளில் முதலில் நன்றாகப் பழகுங்கள். அதன் ஓரத்தில் கிடக்கும் கரடுமுரடான பனியிலும் விழாமல் திரும்பத் தெரிந்தபின் குழுவைத் தேடுங்கள். 1863-இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் கிளைகள் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. முதல் ஏற்றத்துக்கு முன் அதில் ஒன்றை முடித்துவிடுவது நல்லது. பீக்கன், தேடுகோல், பனிவாரி மூன்றையும் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் முந்தைய நாளே எடுத்து, வீட்டுத் தோட்டத்திலாவது தேடிப் பழகிக்கொண்டு வாருங்கள். குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கு நீங்கள் அந்த அளவுக்குக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

ஒரு நாள் ஏற்றம் போதாமல், மலையுச்சிக் குடில்களில் இரவு தங்கி நாட்கணக்கில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடில்களைக் குளிர்காலம் முழுவதும் திறந்து வைத்து, பனியை உருக்கிக் குடிநீர் எடுத்து, சோறாக்கிப் போடுகிற குடும்பங்களை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)